ஆறாவது வீடு

மழைமானிக்குள் செம்மண் இருந்தது.

அதிகமில்லை, ஒரு சிட்டிகை. அளவுக் குழாயை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபோது அடியில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. மழையக்கா பதினெட்டு வருடமாக அந்த முற்றத்தில் மழை அளக்கிறாள். புனல் வழியாக இலை விழுந்திருக்கிறது, பூச்சி விழுந்து மிதந்திருக்கிறது, ஒரு தடவை குருவி முட்டையின் ஓடுகூட விழுந்திருக்கிறது. மண் விழுந்ததில்லை. மானி இடுப்பு உயர சிமெண்ட் மேடையில் நிற்கிறது. சுற்றிலும் கம்பி வேலி, வேலிக்குப் பூட்டு, சாவி அவளிடம். போதாக்குறைக்கு நேற்று மழையே கிடையாது. நாலு நாளாக மலையை மூடிக்கொண்டு கிடக்கும் வெறும் பனிமூட்டம்தான். அது மானியில் ஏறாது. ஆனால் குழாயில் தண்ணீர் இருந்தது. பதினொரு மில்லிமீட்டர்.

அதைச் செடி மூட்டில் கொட்டிவிட்டு உள்ளே வந்து தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"இன்னிக்கு சைபர் சார்."

"ஒண்ணுமே இல்லையாம்மா?"

"ஒண்ணுமே இல்ல சார்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சமையலறை வாசலில் ஓரகத்தி நின்றிருந்தாள். கொழுந்தனின் மனைவி. எப்போது வந்தாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கையில் டீ தம்ளர் இருந்தது. ஆவி அடங்கி ஏடு கட்டியிருந்தது.

"சரியாச் சொன்னீங்களாக்கா?" என்றாள்.

"எதை?"

"அளவத்தான்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஊரில் சமதரை என்று சொல்லிக்கொள்ள பஸ் நிற்கும் இடமும் பள்ளிக்கூட மைதானமும்தான் உண்டு. மற்றதெல்லாம் சரிவு. கடைவீதியே ஒரு நீளமான படிக்கட்டு. யார் வீடு யாருக்கு மேலே, யார் வீட்டுச் சாக்கடை யார் முற்றத்தில் இறங்குகிறது என்பதில்தான் ஊரின் பாதிச் சண்டை. மழையக்காவின் குவார்ட்டர்ஸ் மேட்டின் விளிம்பில் இருந்தது. அங்கிருந்து நாற்பது படி இறங்கினால் கீழ்வரிசை, ஆறு வீடுகள். காலை எட்டரைக்கு மழையை அளந்து சொல்வது, மழை வலுத்தால் மணிக்கொரு தடவை சொல்வது, அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தால் கீழ்வரிசையில் வீடு வீடாகப் போய் எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது: இவ்வளவுதான் அவள் வேலை. பதினெட்டு வருடத்தில் நாலு தடவை அப்படி அனுப்பியிருக்கிறாள். ஐந்தாவது தடவை மூன்று மாதத்துக்கு முன்னால்.

இப்போது கீழ்வரிசையில் ஐந்து வீடுகள் இடிபாடாக நிற்கின்றன. ஆறாவது வீடு இருந்த இடத்தில் வெறும் மண். பதினொரு நாள் இயந்திரம் வைத்துத் தோண்டிப் பார்த்தார்கள். ஒரு சட்டியோ செருப்போ கிடைக்கவில்லை. வீட்டை மலை அப்படியே முழுங்கிவிட்டது என்று சொல்லிக் கைகழுவிவிட்டார்கள்.

அது ஓரகத்தியின் வீடு. அவள் அன்றைக்கு மேட்டு ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தாள். அதனால் மிஞ்சினாள். பன்னிரண்டாம் நாள் ஒரு பிளாஸ்டிக் வாளியும் மாற்றுத்துணியுமாக வந்து மழையக்காவின் வாசலில் நின்றாள். வேறு போக்கிடம் இல்லை. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வா என்று சொல்லாமல் என்ன செய்வது?

முன்னறையில் கட்டில் போட்டுக் கொடுத்தாள். ஓரகத்தி சமையலறையில்தான் படுப்பேன் என்றாள். அந்த ஒரு அறைக்கு மட்டும் பலகைத் தரை. ஈரம் ஏறாமலிருக்கக் கருங்கல் கட்டி, நடுவில் காலி விட்டுப் பலகை அடித்திருந்தார்கள். அதன் மேல் ஒரு போர்வையை மட்டும் விரித்து ஒருக்களித்துப் படுப்பாள். தலையணை வேண்டாம் என்றாள். காது பலகையோடு ஒட்டியிருக்கும்.

முதலில் அது அழுகை என்றுதான் மழையக்கா நினைத்தாள். மூட்டத்தில் பகலும் அந்தியும் ஒரே நிறமாகிப்போன ஒரு மத்தியானம், வேலை முடிந்து படுத்திருந்த ஓரகத்தியின் பக்கத்திலிருந்து முணுமுணுப்பு கேட்டது. அழுகிறவர்கள் விட்டு விட்டு அழுவார்கள். இது அப்படியில்லை. அவள் ஒரு வார்த்தை சொல்வாள். நிறுத்துவாள். கேட்டுக்கொண்டிருப்பாள். "ம்" என்பாள். மறுபடியும் ஒரு வார்த்தை.

அதற்குப் பிறகு கதவு. சமையலறையின் கொல்லைக் கதவு அதுவரை விரலால் தள்ளினால் மூடிக்கொண்டது; ஒரு நாள் காலையில் தரையில் உரசி நின்றுவிட்டது. தச்சர் வந்து, ஈரத்தில் மரம் ஊதியிருக்கிறது என்று அடிப்பக்கம் இழைத்துக் கொடுத்தார். ரெண்டே நாளில் மறுபடியும் உரசியது. தச்சர் இந்தத் தடவை ரசமட்டத்தைத் தரையில் வைத்து, முழங்காலிட்டு, நாலு இடத்தில் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"மலை நகந்தா வீடு பள்ளத்துப் பக்கமா சாயணும்மா," என்றார். "இது சாயல. நடுவுல ஏறியிருக்கு. கீழேருந்து யாரோ முதுகக் கொடுத்துத் தூக்குற மாதிரி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். பிறகு இழைப்புளியையும் ரசமட்டத்தையும் பைக்குள் போட்டுக்கொண்டு, டீ கூடக் குடிக்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

மழையக்காவுக்கும் கேட்டது. பலகைக்குக் கீழே, ரொம்ப ஆழத்தில். தகரத்தில் விரல் முட்டியால் தட்டுவது போல. மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு.

கூடவே அந்த வாசனை. மழை பெய்து எழும் மண்வாசனை இல்லை. வருடக்கணக்கில் வெளிச்சம் படாத மண் வாய் திறந்தால் வரும் நாற்றம். அரிசிப் பானையில், போர்வையில், தலைமுடியில், அவள் வாய்க்குள் வைக்கும் ரொட்டியில்.

அவளுக்கு அந்த நாற்றம் தெரியும். மலை இறங்கிய அன்று அதே நாற்றம்தான் அடித்தது.

அன்றைக்கு மூன்றரைக்குப் போன் வந்தது. கீழ்வரிசையை உடனே காலி பண்ணுங்கள் என்றார்கள். குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள். முதல் வீட்டிலிருந்து ஐந்தாவது வீடான பேக்கரிக்காரர் வீடு வரைக்கும் கதவைத் தட்டிச் சொன்னாள். ஆறாவது வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. திரைக்குப் பின்னால் யாரோ நடமாடினார்கள். ஓரகத்திதான் என்று நினைத்தாள். அந்த இடத்தில் மழையக்காவின் கால் நின்றுவிட்டது.

அவள் கணவர் இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. நுரையீரல் கெட்டு ஆறு மாதம் படுக்கை. மழைக்காலத்தில் மானிக்கும் போனுக்கும் ஓடுகிறவளால் பார்த்துக்கொள்ள முடியாதென்று தம்பி வந்து அண்ணனைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு மத்தியானம் அங்கேயே உயிர் போனது. பக்கத்தில் இருந்தவள் ஓரகத்தி. நாற்பது படிதான். அதை ஏறி வந்து சொல்ல அவளுக்கு ஒரு மணி நேரம் ஆனது. மழையக்கா ஓடிப்போய்ப் பார்த்தபோது உடம்பைத் துடைத்து, சட்டை மாற்றி, தாடையைக் கட்டி, எல்லாம் முடிந்திருந்தது. "நீங்க வேலையா இருப்பீங்களேன்னுதான்க்கா," என்றாள். அதோடாவது விட்டாளா. துக்கத்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும், "பெரியவரு கடைசியா என் கையாலதான் தண்ணி குடிச்சாரு," என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அந்த ஒரு மணி நேரம் மழையக்காவின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

ஒரு மணி நேரம்னா என்னன்னு அவளும் தெரிஞ்சுக்கட்டும். மழையில் நின்று அவள் நினைத்தது அவ்வளவுதான். சாகட்டும் என்று நினைக்கவில்லை. யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வாள். மலை முன்னேயும் சரிந்திருக்கிறது. முற்றத்தில் முழங்கால் சேறு வரும், கோழிக்கூண்டு போகும். மற்றவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் காய்ந்த துணியோடு உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் சேறும் சகதியுமாகக் கடைசியில் ஓடி வரட்டும். ஒரு மணி நேரம் கழித்துத் தானே போய்க் கதவைத் தட்டுவதாகத்தான் இருந்தாள். திரும்பிப் படியேறினாள். வீட்டுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாற்பதாவது நிமிடத்தில் மலை இறங்கியது.

உள்ளே இருந்தது கால் முறிந்து கட்டுப் போட்டிருந்த கொழுந்தன். திரைக்குப் பின்னால் நடமாடியது அவர்களுடைய ஒன்பது வயதுப் பெண். டியூஷன் டீச்சருக்குக் காய்ச்சல் என்று பாதியில் திரும்பி வந்திருந்தாள். தினமும் பள்ளிக்கூடம் போகிற வழியில் வேலிக்கு வெளியே நின்று, "இன்னிக்கு எவ்வளவு பெரியம்மா?" என்று கேட்டுவிட்டுப் போகிற பெண்.

எல்லாரும் கேட்டார்கள். ஆறாவது வீட்டுக்குச் சொன்னாயா? "சொன்னேன். கால் கட்டோட எப்படி வர்றது, அப்புறம் பாத்துக்கலாம்னுட்டாரு," என்றாள் மழையக்கா. மண்ணுக்குள் இருப்பவர் வந்து இல்லையென்றா சொல்லப் போகிறார்?

மானியில் மண் கண்ட அன்றே அவள் முடிவு செய்துவிட்டாள். மத்தியான பஸ்ஸில் இறங்கிவிடலாம். தலைமை அலுவலகத்தில் காலில் விழுந்தாவது இடமாற்றம் வாங்கிக்கொள்ளலாம். ஓரகத்தி குளிக்கப் போன நேரம் பார்த்து, ரெண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு, காதும் காதும் வைத்தாற்போலக் கிளம்பிவிட்டாள்.

கடைவீதியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கடைகளின் விளக்குகள் மட்டும் மஞ்சளாக அந்தரத்தில் தொங்கின. ஆட்கள் மூட்டத்திலிருந்து திடீரென்று முளைத்து, அருகில் வந்து, மறுபடியும் கரைந்தார்கள். பஸ் நிலையத்தில் பஸ் இல்லை. மூன்றாவது வளைவில் ரோடு உள்வாங்கிவிட்டதாம், நாளைக்குத்தான் தெரியும் என்றார் கண்டக்டர். நாளைக்கு. அவள் பையை மாரோடு அணைத்துக்கொண்டு பேக்கரி வாசலில் ஒதுங்கினாள்.

பேக்கரிக்காரர் ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தார். இப்போது கடைக்குப் பின்னாலேயே குடும்பத்தோடு குடியிருக்கிறார். அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

"உன் ஓரகத்தி நேத்து வந்திருந்தா," என்றார்.

"ரொட்டி வாங்கவா?"

"இல்ல. அன்னிக்கு என் வீட்டுல சொல்லிட்டு நீ எந்தப் பக்கம் போனேன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் இன்னும் ரெண்டு துண்டு நறுக்கினார்.

"பாத்தத சொன்னேன். படியேறி மேல போனான்னு சொன்னேன். அப்பவே எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கணும். நீ வந்து சொன்னதாலதான் என் புள்ளைங்க இன்னிக்கு உசுரோட இருக்கு. அதான் வாய் வரல."

"அவ என்ன சொன்னா?"

"தெரியும்னா. 'அவரும் அப்படித்தான் சொல்றாரு'ன்னா." அவர் இந்தத் தடவை நிமிர்ந்தார். "யார் அவரு?"

அவள் பேக்கரி வாசலை விட்டு இறங்கினாள். போவதற்கு வேறு இடமும் இல்லை. ஊரில் இருந்த ஒரே ஓட்டல் ஓரகத்தி வேலை பார்க்கும் ஓட்டல். வேறு யார் கதவைத் தட்டி, என்ன காரணம் சொல்வாள்? பேசித் தீர்த்துவிடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அழுது, காலைப் பிடித்து, எப்படியாவது. இரண்டு பேரும் பெண்கள்தானே.

மணி மூன்றுகூட ஆகவில்லை. வீட்டுக்குள் ஆறு மணி இருட்டு. முன்னறைத் தரை அவள் காலடியில் மேடாக இருந்தது; சமையலறையை நோக்கி ஏறிப் போவது போல நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் நாற்றம் தடித்தது. தட்டும் சத்தம் நின்றிருந்தது. அது நின்றதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. இத்தனை நாளும் அந்தச் சத்தம் எங்கோ கீழே இருக்கிறது என்பதாவது தெரிந்திருந்தது.

சமையலறையில் பலகைகள் இல்லை.

பெயர்த்து, சுவரோரமாக, சலவைத் துணி மடித்து வைத்தாற்போல ஒரே அளவில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஆணிகள் ஒரு கிண்ணத்தில். தரை இருந்த இடத்தில் செம்மண், ஈரமாக, கருங்கல் விளிம்பு வரைக்கும் பொங்கி நின்றது. அதன் நடுவில் பள்ளம் பறித்துக்கொண்டு ஓரகத்தி முழங்காலிட்டிருந்தாள். கையில் கரி அள்ளும் கரண்டி. முடி மண்ணில் புரண்டது.

"பஸ் வரலையாக்கா?" என்றாள், திரும்பாமல்.

"என்ன பண்ற நீ? எந்திரி. வீடு இடிஞ்சு விழுந்துடும்."

"ரொம்பக் கிட்ட வந்துட்டாங்க. இனிமே அவங்கள விட்டா மூச்சு முட்டும்."

மழையக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். நிலை துடித்தது. ஓரகத்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையால் மண்ணை வழித்தாள். சிவப்பாக ஏதோ தெரிந்தது. மண்ணின் சிவப்பு இல்லை, பெயிண்ட் சிவப்பு. நெளிநெளியான தகரம். வழிக்க வழிக்க அகலமாகிக்கொண்டே போனது.

கூரை.

அது இருக்கவேண்டிய இடம் நாற்பது படி கீழே, அதற்கும் கீழே, பள்ளத்தில். மண் கீழே போகும். மேலே வராது. பதினெட்டு வருடமாக மலையைப் பார்த்தவளுக்கு அது தெரியாதா? மேலே வராது.

வந்திருந்தது.

"எப்படி ஏறுச்சுன்னு கேக்காதீங்க," என்றாள் ஓரகத்தி. "அவருக்குக் கால் வேற சரியில்ல. மூணு மாசமாச்சு, பாவம்."

"நான் சொன்னேன். சத்தியமா வந்து சொன்னேன். அவருதான்..."

"ஒரு மணி நேரம்தானே நினைச்சீங்க."

அந்த ஒரு மணி நேரத்தை மழையக்கா யாரிடமும் சொன்னதில்லை. தூக்கத்தில்கூட.

ஓரகத்தி இப்போது திரும்பினாள். முகத்தில் அழுத தடம் இல்லை. கோபமும் இல்லை. விரிப்பில் போகாத கறையைப் பார்க்கிற சலவைக்காரியின் முகம்.

"பெரியவரு போனப்ப கண்ணு மூடலக்கா. வாய் பொளந்தபடியே நின்னுடுச்சு. பாக்க முடியல. அந்த மூஞ்சோட நீங்க அவரப் பாக்கக் கூடாதுன்னு, சுடுதண்ணி வச்சு, ஒத்தடம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமா நீவி மூட வச்சேன். அதுக்குத்தான் அந்த ஒரு மணி நேரம். உங்ககிட்ட எப்படிச் சொல்றது அத?"

மழையக்காவின் பை கையிலிருந்து நழுவியது. ஓடு என்று உடம்பு சொன்னது. முன்னறைத் தரை அவள் முதுகுக்குப் பின்னால் இன்னும் ஏறியிருந்தது. அவள் முன்னால் சரிந்தாள். மண்ணில் முழங்கால் பட்டது. சூடாக இருந்தது மண்.

"என் மேல கோபம்னா என்னைத்தானே தண்டிச்சிருக்கணும்," என்றாள் ஓரகத்தி. "என் பொண்ணு உங்கள எப்பவும் நல்லவங்கன்னுதான் சொல்லுவா. இப்பவும் உங்களத்தான் கேக்குறா. அம்மா வேணாமாம். பெரியம்மா வரட்டும்ங்குறா."

தகரத்தின் நடுவில் திறந்து மூடும் ஒரு கண்ணாடி இருந்தது, வெளிச்சத்துக்காக. கொழுந்தன் தன் கையால் வைத்தது. ஓரகத்தி அதைத் தன் முந்தானையால் துடைத்தாள். வட்டம் வட்டமாக. நிதானமாக. கறை போகிறவரை.

உள்ளே இருட்டு.

இருட்டுக்குள் ஏதோ வெளுத்தது. நெருங்கியது. கண்ணாடியோடு ஒட்டியது.

நெற்றி. மூக்கு. சப்பையாக அழுந்திய கன்னம். கண் இருக்கும் இடம் இரண்டிலும் செம்மண் நிறைந்திருந்தது. வாய் திறந்திருந்தது. வாய் நிறைய மண்.

அந்த முகம் மழையக்காவைப் பார்த்தது. கண்ணில்லாமல் பார்த்தது. இப்படியும் அப்படியும் அசைந்து, அவள் முகம் இருக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, நின்றது.

ஓரகத்தியின் கை மழையக்காவின் பிடரியில் வந்து அமர்ந்தது. சோடாவிலும் சோப்பிலும் வெந்து காய்த்துப்போன கை. அழுத்தவில்லை. வைத்தாள், அவ்வளவுதான்.

கண்ணாடியில் மூச்சு படிந்தது. உள்பக்கமாக. படிந்தது, கலைந்தது. படிந்தது.

"கொக்கி உள்பக்கம்க்கா," என்றாள் ஓரகத்தி. "நாம திறக்க முடியாது. அவதான் திறக்கணும்."

கொக்கி நகர்ந்தது.